பத்தரை மணி அறிக்கை

பள்ளி திறந்த பன்னிரண்டாம் நாள்
வருகைப் பதிவேட்டுப் பேனாவைச்
சணலிலிருந்து அறுத்தெடுத்தேன்.
இனி ஆளுக்கொரு பேனா என்று சுற்றறிக்கை.
மேசைக்காலில் மிச்சக் கயிறு
கன்றை அவிழ்த்தபின் கிடக்கும் தும்பு மாதிரி.

என் வேலை இளநிலை உதவியாளர்.
கூடுதல் வேலை,
களக்காட்டு ரோட்டில்
வாழைத்தார் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச்
சைக்கிளில் வந்துசேரும் பிள்ளைகளின் நெற்றிக்கு
வெள்ளைத் துப்பாக்கி நீட்டுவது.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு.
ஒன்பதாம் வகுப்புப் பயல் ஒருத்தன் தினமும்
கை இரண்டையும் தூக்கி
"சுட்டுருங்க சார்" என்பான்.
நான் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

பத்தரைக்குள் நெல்லைக்கு அறிக்கை போகவேண்டும்.
மாணவர் எத்தனை, தொற்று எத்தனை.
ஆசிரியர் எத்தனை, தொற்று எத்தனை.
ஆசிரியரல்லாதார் எத்தனை;
பக்கத்திலேயே பொடி எழுத்தில்:
நிரந்தரப் பணியிடம் மட்டும்.

முதலில் விலங்கியல் எஸ்தர் புஷ்பகனி டீச்சர்.
அப்புறம் கணக்கு ஆவுடைநாயகம் சார்.
ஹைகிரவுண்டில் படுக்கை கிடைத்த அன்று ராத்திரி
பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்:
"பயிற்சி மூன்று புள்ளி நாலு
எல்லாரும் முடிச்சாச்சா?"
நாற்பத்தொரு பேர் 'யெஸ் சார்' போட்டார்கள்.
நீல டிக் விழவில்லை.
அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு கிழிக்க
எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

ஆசிரியர் அறையில் ஜன்னல்கள் திறந்தன,
துருப்பிடித்த கொக்கிகளைச் சுத்தியலால் தட்டி.
நூர் ஜமீலா டீச்சர் வேப்பமரத்தடிக்கு
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.
வந்த கிருமிநாசினி இரண்டு லிட்டர்.
பிள்ளைகள் எண்ணூற்று நாற்பது.
வகுத்துச் சொல்ல ஆவுடைநாயகம் சார் இல்லை.

பெஞ்சு துடைப்பது சுடலைவடிவு.
பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில்
மாதம் மூவாயிரம்.
எங்கள் டீத் தம்ளர்களும் அவள் கைக்குத்தான் போகும்.
அவளுக்குக் கொடுத்த கையுறையில்
பெருவிரல் ஏற்கனவே கிழிந்திருந்தது.
நான்தான் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் சொதி.
தேங்காய்ப்பால் மணக்கவில்லை,
இஞ்சி மணக்கவில்லை.
சாரல் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன்.
மறுநாள் துப்பாக்கியை என் பக்கம் திருப்பினேன்.
தொண்ணூற்றாறு புள்ளி நாலு.
எந்திரத்துக்கு மூக்கு கிடையாது.
சொன்னால் பள்ளிக்கு மூன்று நாள் பூட்டு,
எனக்குப் பதினாலு நாள்,
தெரு முனையில் தகரத் தடுப்பு,
தலைமையாசிரியர் பார்க்கிற பார்வை.
அறிகுறி: இல்லை என்று
என் பெயருக்கு நானே எழுதினேன்.
டீ குடித்தேன்.
தம்ளரை வழக்கமான இடத்தில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.
"ஒண்ணுமில்ல சார், தொண்டைதான் கரகரங்கு" என்றாள் போனில்.
அதற்கப்புறம் மகள்தான் எடுத்தாள்.
அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

பத்தொன்பது அறிக்கைகள்.
ஒரு கட்டத்திலும் அவள் இல்லை,
நான் இல்லை.
கூட்டல் ஒருநாளும் தப்பவில்லை.

இன்றைக்கு வந்துவிட்டாள்.
ஏழாவது படியில் வாளியை வைத்து
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.
நான் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்தேன்.
பினாயிலை மூடி அளந்து ஊற்றினாள்,
இன்னொரு மூடி,
அப்புறம் மூடியில்லாமலே.
தண்ணீர் வெளுத்துப் பாலாகிவிட்டது.
"மணக்கா பாருங்க சார்,
எனக்கு ஒரு எழவும் தெரியமாட்டேங்கு."

முகக்கவசத்தை இறக்கிக் குனிந்தேன்.
வாளிக்குள் என் முகம்கூட இல்லை,
அவ்வளவு வெள்ளை.

"மணக்குது" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

மணி பத்து இருபத்தைந்து.
அறிக்கை இன்னும் போகவில்லை.