இடது பக்கம் இரண்டு

பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில்
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
நாற்காலியை இழுத்துப் போட்டால் கதவு மூடாது.
கன்னிகாபுரம் கேரம் மன்றத்துச் செயலாளர் டில்லிபாபு
வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்:
ஒன்பது பேர், ஒரு கோப்பை,
ஓரத்தில் பாதி ஆட்டோ.
"நடுவுல நிக்குது பாரு, நம்ம சலோமி.
மூஞ்சிய மட்டும் எடு.
இப்போ போடுறாங்களே, கட்டங்கட்டமா,
கண்ணாடி ஒடைஞ்ச மாதிரி,
அப்படி வேணும், டீசர்ட்டுக்கு.
நீலத் துணி. பன்னெண்டு பீஸு. சனிக்கெழம."

வெட்டி எடுத்தால்
கட்டைவிரல் நகமளவு முகம்.
பெரிதாக்கப் பெரிதாக்க
தண்ணீரில் கரைந்த சாந்து.
இதற்கு முக்கோணம்தான் மருந்து;
தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டும்.

படத்தைப் பூட்டி, மேலே ஒரு வெற்று லேயர்.
மூக்கு நுனியில் ஒரு புள்ளி,
நாசி மடிப்பில் ஒன்று, உதட்டுக் கோடியில் ஒன்று.
மூன்றையும் சேர்த்தால் ஓர் ஓடு.
ஓட்டுக்குள் இருக்கிற நிறங்களையெல்லாம் கலக்கி
ஒரே நிறமாக ஊற்றும் மென்பொருள்.
கன்னத்து வெயில், வியர்வை, பருவின் பழைய வடு,
எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி.
கண்ணருகே சின்னச் சின்ன ஓடு,
நெற்றிக்குப் பெரிது.
நெற்றியில் யாரும் எதையும் தேடுவதில்லை.

நூற்றுப் பதினொன்றில் கை வலித்தது.
மணி ஒன்றரை.
மின்விசிறி வெந்நீர் ஊற்றுவதுபோல் சுற்றியது.
பாதி முகம் முடிந்திருந்தது.
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திருட்டு உண்டு:
நகலெடு, திருப்பிப் போடு,
மூக்குத் தண்டில் ஒட்டு.
கொஞ்சம் இருட்டாக்கினால் போதும்,
வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருவதாக நம்பிவிடுவார்கள்.

டில்லிபாபு நம்பினார்.
"செம" என்று எழுதி மூன்று நெருப்புப் போட்டார்.

மறுநாள் அவளே வந்தாள்.
விரலிடுக்கில் போரிக் பவுடர்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
போர்டின் ஓரத்துக் காயைப் பார்ப்பதுபோல்
தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல எனக்கு
ரெண்டும் எடது பக்கம்."

நான் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்தேன்.
ஸ்பீக்கர் வேலை செய்து ஒரு வருஷம் இருக்கும்.

"அடிக்கிறப்போ வலது கண்ண மூடுவேன்.
மூடி மூடி அது சின்னதாயிடுச்சு.
புருவமும் இவ்ளோ மேல இருக்காது.
கோணம் தப்புண்ணே."

மவுஸை அவளே வாங்கிக்கொண்டாள்.
ஸ்ட்ரைக்கரை நகர்த்துவதுபோல் ஒரு விரலால் நகர்த்தி
வலது புருவத்தின் முனைப்புள்ளியைக்
கொஞ்சம் கீழே தள்ளினாள்.
அதோடு ஒட்டியிருந்த ஐந்து ஓடுகளும்
இழுபட்டுக் கோணின.

முகம் சட்டென்று குறி பார்த்தது.

அழித்தேன், ஒட்டவைத்த பாதி முழுவதையும்,
அவள் இழுத்த ஐந்தைத் தவிர.
திரும்பவும் மூக்கிலிருந்து தொடங்கினேன்.
அவள் வாசலில் நின்று
எதிர்க்கடைப் பரோட்டாக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புருவத்தின் நடுவே
முடி முளைக்காத ஓர் இடம்.
படத்தில் அங்கே வெறும் மங்கல்.
நேரில் பார்த்து நிறம் எடுக்கலாமென்று திரும்பினேன்;
கை தூக்கி மறைத்துக்கொண்டாள்.
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.
"அத மட்டும் விட்ருண்ணே."
விட்டேன்.
நிறம் ஊற்றாத ஒரு முக்கோணம்,
அரிசியளவு.

சனிக்கிழமை பன்னிரண்டு நீலச் சட்டை,
பன்னிரண்டு சலோமி,
ஒவ்வொரு புருவத்திலும் துணியின் நீலம்.
டில்லிபாபு போனில் கத்தினார்:
"பிரிண்ட்ல ஓட்டைப்பா, காசக் கொறச்சுக்கோ."
அறுபது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

பத்துத் துவையலில் நெற்றி உரியும்,
அது பெரிய ஓடு.
பிறகு கன்னம், பிறகு மூக்கு.
ஒட்டாத இடத்தில்
உரிய ஒன்றுமில்லை.