பூஜ்ஜியம் புள்ளி நான்கு

நைரோபி, மொம்பாசா சாலை,
ஓட்டலின் இரண்டாம் மாடிக் கூடம்.
நேற்று இங்கே யாருக்கோ கல்யாணம்.
கம்பளத்தில் இன்னும் ஜிகினாத் துகள்.
இன்று இருநூற்றுப் பன்னிரண்டு விமானிகள்
தரையில்.

என் எண் நூற்று நாற்பது.
நசியேகு என்ற பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி
அட்டையில் அடித்துக் கொடுத்தார்கள்.
ஊசி குத்தத் தயக்கம்.
கோட்டு வங்கியில் வேலை பார்க்கும் நஃபுலாவுடையது.
ஆறு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.

முன்னால் நிற்கும் பையன்
சிமுலேட்டரில் அணைத்த எஞ்சின்களைப் பற்றி
யாரிடமோ போனில் சொல்கிறான்.
பின்னால் நிற்பவரைத் தெரியும்:
கேப்டன் ஒலுவோச்.
மூடிப்போன கம்பெனியில் தோளில் நான்கு பட்டை,
பதினொரு மாதச் சம்பள பாக்கி.
கையில் இருப்பது துணை விமானிக்கான விண்ணப்பம்.
அவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
அதுதான் மரியாதை என்று
இருவருக்குமே பட்டிருக்க வேண்டும்.

என் பறப்பேட்டின் ஓரமெல்லாம் சிவப்பு.
வஜீர் மண்ணா, மண்டேரா மண்ணா,
காலையில் தட்டிப் பார்த்தேன், போகவில்லை.
நான்கு வருடம் ஒற்றை எஞ்சின் காரவனில்
மிரா இலைக் கட்டுகள் சுமந்தவள் நான்.
இலை வாடுவதற்குள் இறங்கிவிட வேண்டும்,
அதுதான் கால அட்டவணை.
ஓடுபாதையில் ஆடு நின்றால்
ஒரு முறை தாழப் பறந்து விரட்டலாம்.
ஆடு போய்விடும். கழுதை போகாது.
இதை எழுத
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் மேசை.
சிரித்துக்கொண்டே நேரம் பார்க்கும் பெண்மணி.
அவருக்குப் பக்கத்தில்
மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த கேப்டன்,
வளைகுடாவிலிருந்து நேற்றிரவு வந்தவர்,
தூக்கம் கலையாத கண்.
அரிசியில் கல் பொறுக்குவது போல
என் பக்கங்களைப் புரட்டுகிறார்.
இரண்டாயிரத்து அறுநூறு மணி நேரத்தில்
அவர் விரல் நின்ற இடம்
பூஜ்ஜியம் புள்ளி நான்கு.

"கிளம்பித் திரும்பியிருக்கிறீர்கள். கோளாறா?"
இல்லை.
"வானிலையா?"
திக்கா தாண்டியதும் மேகம் இருந்தது.
ஆனால் எனக்குப் பின்னால் கிளம்பிய கியோகோ
அதே மேகத்தின் ஓரமாகப் போய்
மண்டேராவில் இறக்கிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.
வாடிய இலைக்கான காசை
முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
"பிறகு ஏன் திரும்பினீர்கள்?"

மனப்பாடம் செய்த பதில்கள் பன்னிரண்டு.
சூழ்நிலை, செயல், விளைவு,
இறுதியில் கற்றுக்கொண்ட பாடம்.
எல்லாம் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நின்றன.

பயந்துவிட்டேன், என்றேன்.
கை வியர்த்தது. அந்த மேகம் பிடிக்கவில்லை.
காரணம் தேடினேன்.
ஒன்று கிடைத்திருந்தால்
ஒருவேளை போயிருப்பேன்.

பெண்மணி தன் பேனா மூடியைப் பார்த்தார்.
அவர் ஏதோ எழுதினார்.
தலைகீழ் எழுத்து எனக்குப் படிக்க வரும்.
கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றே
எடைக்கணக்குத் தாள்களைச் சரிபார்த்துப் பழக்கம்.
இவர் கையெழுத்து மருந்துச்சீட்டு.
ஓர் எண் மட்டும் பிடிபட்டது: நான்கு.
பத்துக்கா, ஐந்துக்கா,
இல்லை, அந்த நான்கேதானா.

வெளியே தேநீர், ஆறிப்போன மண்டாசி.
கூரைக்கு மேல் ஏதோ ஒன்று
இறங்கத் தயாராகிப் போனது.
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை,
பேச்சு மட்டும் கூடம் முழுக்க நின்றது.
அது எந்த விமானம் என்று
எல்லோரும் காதாலேயே தீர்மானித்துவிட்டு
விட்ட வாக்கியங்களுக்குத் திரும்பினோம்.
ஒலுவோச் மட்டும்
கோப்பையைப் பிடித்தபடி
இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

மட்டாட்டு நகரவில்லை. ஆறே முக்கால்.
மடியில் மடித்த கோட்டு,
மார்புப் பக்கம் ஊசி குத்திய இரண்டு துளை,
விளிம்பில் யாருடைய கல்யாணத்திலிருந்தோ வந்த மினுக்கு.
ஏன் தாமதம் என்பாள் நஃபுலா.
நெரிசல், என்பேன்.
நல்லவேளை,
இதற்காவது ஒரு காரணம் இருக்கிறது.