பதிவேற்றும் முன்

மாலை ஆறு. பட்டர்வொர்த்தில் மழை.
பள்ளி முகநூலுக்குப் பத்தொன்பது படங்கள்.
கொடையாளர் பதாகை
எல்லாவற்றிலும் பளிச்சென்று.

பதினோராவதில் யுவனேஸ்
கேமராவைப் பார்க்கவில்லை.
கிழிந்த காலணியை
மற்றக் காலால் மறைத்துக்கொண்டிருந்தான்.

'போட்டுடலாமா டீச்சர்?'
புலனத்தில் எழுத்தர்.

தலைமையாசிரியை தமயந்தி
விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்,
அந்தக் காலை மட்டும்.
பிறகு ஒவ்வொன்றாக அழித்தார்.

பதிவேறியது:
நடைபாதையில் நாற்பது காலி அட்டைப்பெட்டிகள்.
கீழே,
'நன்றி. பாகான் லுவார் சாலையில் வெள்ளம்,
நாளை பள்ளிப் பேருந்து
அரை மணி தாமதம்.'

விருப்பக்குறிகள் ஏழு.
பேருந்து எண் கேட்டு
முப்பது பெற்றோர்.

கொடையாளரும் கேட்டிருந்தார்:
பிள்ளைகள் எங்கே?

'வீட்டுக்குப் போயாச்சு ஐயா,
புதுக் காலணி நனையாமல்
கையில் தூக்கிக்கொண்டு.'