நாற்பதைத் தாண்டாத வண்டி

ஆஸ்பத்திரி ஏலத்தில் ரெஜினா எடுத்த வண்டி.
பன்னிரண்டு வருடம் இதன் பின்பக்கம் உட்கார்ந்து
யார் யாருடைய மணிக்கட்டையோ
பிடித்துக்கொண்டு போனவள்.
கண்ணாடி முழுக்கப் பால்பூச்சு.
திருச்சிக்கும் மாயவரத்துக்கும் நடுவில்
ஒரு தென்னையைக்கூடப் பார்த்ததில்லை என்றாள்.

ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் இப்போது மெத்தை.
ஆக்சிஜன் கூண்டில் ஐந்து கிலோ கேஸ்.
சலைன் கொக்கியில் வெங்காயப் பை ஆடுகிறது.
சுழல்விளக்கைக் கழற்றிய வட்டம் மட்டும்
மூன்று பூச்சுக்கும் மறையவில்லை.

ஐப்பசி பதினெட்டில் கிளம்பினோம்.
கடைமுகத்துக்குள் மாயவரம் போய்
துலா முழுக்குப் போடலாம் என்று கணக்கு.
நாற்பதைத் தாண்டினால் வண்டி முனகும்.
அவசரமெல்லாம் முன்னமே ஓடித் தீர்த்துவிட்டது, பாவம்.

கல்லணையில் முதல் ராத்திரி.
மதகுச் சத்தத்தில் பேசினால் கேட்காது,
அதனால் மீன் வறுவலை மட்டும் தின்றோம்.
டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
'யாருக்கு என்னம்மா?'
'ஒண்ணுமில்லை, சும்மா ஊர் சுத்துறோம்.'
'இதுலயா?'

அய்யம்பேட்டை தாண்டியதும் ரெஜினா கண்ணை மூடிக்கொண்டாள்.
'மூணு வேகத்தடை வரும். அப்புறம் இடப்பக்கம் சாயும்.'
சாய்ந்தது.
'இப்ப ஒரு பாலம், லொடக்குன்னு.'
லொடக்கென்றது.
கண்ணைத் திறந்தாள்.
'அடியே, இது வாய்க்காலா!
நான் ஏதோ ரயில்வே லைன்னு நினைச்சிட்டிருந்தேன்.'
கரையோரம் நாணல் பூத்திருந்தது.
வண்டியை நிறுத்தச் சொல்லி
பத்து நிமிடம் பார்த்தாள், ஒன்றும் பேசாமல்.

குத்தாலத்துக்கு இப்பால் மழை பிடித்துக்கொண்டது.
சேறில்லாத இடம் என்று பார்த்தால்
நெல் கொள்முதல் நிலையத்துச் சிமெண்டுக் களம்தான்.
ஓரமாக நிறுத்தி, கொதிக்கக் கொதிக்க ரசம் வைத்து,
தகரக் கூரையில் மழை கொட்டுவதைக் கேட்டபடி
காலை நீட்டினோம்.
உலகத்தில் இதைவிட என்ன வேண்டும் என்று
நான் சொல்லி முடிக்கவில்லை,
பின்கதவில் தட்டு.

ரெஜினா தூக்கத்திலேயே எழுந்துவிட்டாள்.
'என்ன வயசு? மூச்சு இருக்கா?'
வெளியே நனைந்த ஆள் ஒரு கணம் யோசித்தார்.
'வயசு நூத்திப் பத்து நாளும்மா. குறுவை.
பதினோரு மூட்டை. தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு.'

அவர் பெயர் கலியபெருமாள்.
மெத்தையில் ஆறு, கீழே ஐந்து.
நாங்கள் மூட்டை மேல் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.
ஈர நெல்லின் சூடு முதுகில் ஏறியது.
காய்ச்சல்காரர் பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கிறது
என்றாள் அவள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் மீட்டரில் ஈரப்பதம் இருபத்திரண்டு.
பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்களாம்.
போயிருக்கலாம். போகவில்லை.
வெயில் அடித்தால் பரப்புவோம், தூறினால் அள்ளுவோம்.
கலியபெருமாள் வீட்டிலிருந்து ஒரு நாள் கெளுத்திக் குழம்பு,
மறுநாள் வெறும் கோபம், மருமகனோடு சண்டையாம்.
சாயங்காலங்களில் மேகம் கிழிந்து
நடவு வயலெல்லாம் ஒரே சமயத்தில் வெளுக்கும்.
மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு
கொக்குகளை எண்ணுவாள் ரெஜினா.
ஒரு தடவைகூட எண்ணிக்கை ஒத்துவரவில்லை.
இருபது, பத்தொன்பது, பதினெட்டரை
என்று மீட்டர் இறங்கியதைக் கேட்டு
சொந்த நெல் மாதிரி சண்டைக்குப் போனேன் நான்.

எட்டாம் நாள் எடுத்துக்கொண்டார்கள்.
அன்றைக்குக் கடைமுகம்.
மூட்டை ஏற்றி முடிக்கவே இருட்டிவிட்டது.

கார்த்திகை ஒன்று விடியலில் துலாக்கட்டம்.
கூட்டம் வடிந்து, படியெங்கும் வாழையிலை, எண்ணெய்ச் சீட்டு.
'பிந்திட்டோம்' என்றேன்.
படியில் துணி துவைத்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்:
'இன்னைக்குத்தான் முடவன் முழுக்கு.
நொண்டி நொண்டி வந்தவனுக்காக
காவேரி ஒருநாள் காத்திருந்தா. இறங்குங்க.'

கழுத்துச் சிலுவையை வாயில் கவ்விக்கொண்டு
மூன்று முங்கு போட்டாள் ரெஜினா.
தண்ணீர் செம்மண் நிறம், நல்ல குளிர்.

தலை துவட்ட வண்டிக்கு வந்தால்
மெத்தைத் தையலில் நாலைந்து நெல் முளைவிட்டிருக்கிறது.
பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு
முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

'அடுத்து?'
'பூம்புகார் பக்கம் போ.
அந்த ரோட்டுல பள்ளம் எங்கேன்னு
எனக்குத் தெரியாது.'