நான்கு யூனிட்

பள்ளிப்பட்டுச் செய்தி, மூன்றாம் பக்கம்.
குழந்தையின் முகத்தை
மங்கலாக்கியிருக்கிறார்கள்.
பின்சுவரில் மீட்டர் பெட்டி மட்டும்
பளிச்சென்று.

"நாலு வயசாம். ஏழு கிலோவாம்."
டீயை ஆற்ற மறந்து
படித்துக்காட்டினார் முனிரத்தினம்.

அந்த வீட்டுப் பக்கம்
யாருமே போனதில்லை
என்று எழுதியிருக்கிறது.

நான் போனேன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை,
டார்ச்சோடு, நாய்க்கு ஒரு குச்சியோடு.

ஆவணியில் போனபோது
பூட்டிய கதவுக்குள்ளிருந்து
தெலுங்கில் தண்ணீர் கேட்டது ஒரு குரல்.
நீள்ளு, நீள்ளு.
நகரி ரோட்டில் எந்த வீட்டில்தான்
தெலுங்கு சீரியல் ஓடவில்லை?
எண்ணைக் குறித்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.
அங்கே மோர் கொடுத்தார்கள்,
கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு.
இரண்டு டம்ளர் குடித்தேன்.

இன்று ஆபீசில்
பழைய கணக்கைத் திறந்தேன்.
என் கைதான் பதிந்திருக்கிறது:
ஆடி, ஆவணி,
நான்கு யூனிட்.

நான்கு யூனிட்டில்
எந்த டிவியும் சீரியல் போடாது.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
வேறெது தெரியாவிட்டாலும்
இது எனக்குத் தெரியும்.

செய்தியின் அடியில் நிருபரின் பெயர்.
பத்திரிகை நம்பரை அழுத்திவிட்டு
மணி அடிக்குமுன் வைத்துவிடுகிறேன்,
மூன்றாவது முறையாக.

ஒரு திருத்தம், ஐயா.
'யாருமே' என்பது தவறு.