மூன்றடிக்கு இரண்டடி

பின்னால் மண்கரை.
இடப்பக்கம் சவரியம்மா வீட்டுச் சுவர்.
வலப்பக்கம் எங்கள் பழைய காம்பரா.
புதிதாய் எடுத்த அறைக்கு
ஜன்னல் வைக்கத் திசை மிச்சமில்லை.
"மேலதான் இருக்கு" என்றார் ஜோக்கின் பாஸ்,
வாயில் இரண்டு ஆணியோடு.

ஹட்டன் ஹார்ட்வெயாரில்
மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டான் பொடியன்.
பச்சை ஃபைபர் மலிவு.
அதன் கீழே கையை நீட்டினேன்,
குளத்தில் கிடந்தவள் கை.
பள்ளிச் சட்டைகளை இதன் அடியில் தைத்தால்
பாசி பிடித்ததென்று திருப்பி அனுப்புவார்கள்.
பால்நிறப் பொலிகார்பனேட்:
வெளிச்சம் வரும், வானம் வராது.
கண்ணாடியின் விலையை மட்டும்
வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டினான்.

கைப்பையிலிருந்து
கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் எடுத்து
கடை வாசலில், மூன்றின் கீழும்
தையல்களை எண்ணினேன்.
ஒன்றில்தான் எண்ண முடிந்தது.

வெள்ளவத்தையிலிருந்து போனில் அவர்:
"டர்பன்டைன் கொப்பு விழுந்தா?"
நாத்தனார் வேறு கவலைப்பட்டாள்:
"மேல் ரோட்டுல போறவனெல்லாம்
ஒன் வகிட்டப் பாப்பானே."
பார்க்கட்டும். நேராகத்தான் எடுக்கிறேன்.

நோர்வூட் பஸ்ஸில்
பெட்ஷீட் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

"தண்ணி நிக்கக் கூடாது,
நின்னா உள்ள வந்துரும்" என்று
பாஸ் சாய்வு பார்த்து, தகரத்தை அறுத்து,
ஓரமெல்லாம் சிலிக்கன் பூசி
இறங்கிய அன்று
மலை முழுக்க மூடுபனி.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
அத்தனை காசு கொடுத்த தெளிந்த கண்ணாடி
பால்நிறமாய்க் கிடந்தது தலைக்கு மேலே.
நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள், பதினொரு மணி இருக்கும்,
சுவரில் ஒரு கட்டம்.
நழுவி மேசைக்கு வந்தது,
மெஷினின் கழுத்தில் ஏறியது.
ஊசிக் காது அவ்வளவு பெரிதென்று
எனக்குத் தெரியாது.
நூல் நுனியை நனைக்காமலே கோத்தேன்.
ஒன்றரைக்கு அது சவரியம்மா சுவருக்குப் போனது.
மேசையை ஓரடி தள்ளிப் போட்டேன்.

தேவசகாயம் வந்து நின்றது அடுத்த மாதம்,
ஃபெக்டரி இரவு வேலைக்காரர்.
காற்சட்டை தைக்க வந்தார் என்று நினைத்தேன்.
"ஒங்க கூரை வெளிச்சத்துலதான்
எங்க படி தெரியுது தங்கச்சி.
நேத்து சீக்கிரம் அணைச்சிட்டீங்க."
முழங்காலைக் காட்டினார்.
மேலிருந்து வருவதை மட்டுமே
நான் அளந்திருந்தேன்.

இப்போது பொத்தான் கட்டும் வேலையைப்
பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.
வடகிழக்கு மூலை இன்னும் ஒழுகுகிறது,
கீழே ஒரு ஜாம் டின்.
சொட்டுக்கு நடுவே
செருப்புச் சத்தம் மேலே தொடங்கும்.
பதினாறு படி.
பதினான்கு, பதினைந்து,
கதவுக் கொண்டி.
சுவிட்சை அழுத்துகிறேன்.