செல்லோவின் இருக்கை

பதினோரு பேர். பன்னிரண்டு பயணச்சீட்டு.
பன்னிரண்டாவது செல்லோவுக்கு.
பெயர்: செல்லோ.
குடும்பப் பெயர்: ஒயாவெர்.
அது ஹெல்யேயின் குடும்பப் பெயர்.
அதன் இடுப்புக்கு ஒரு வார் போதாது,
பணிப்பெண் இன்னொன்று கொண்டுவந்து முடிச்சுப் போடுவாள்.
அதற்கு வரும் சாப்பாட்டைப்
பின்வரிசையில் ஊதுகொம்புக்காரன் மாதீஸ் வாங்கிக்கொள்வான்.

நான் எங்கும் போவதில்லை.
தார்த்து நகரில், ரொட்டிக்கடை மாடியில்,
கணக்கு எழுதுகிறேன்.
லிஸ்பன், மான்ட்ரியல், ஒசாகா.
ஊருக்கு எதிரே கிலோமீட்டர்,
கிலோமீட்டருக்கு எதிரே கரி.
கைதட்டலுக்குக் கட்டம் இல்லை.

மூச்சே விடாத பயணிக்கும் கரிக்கணக்கு உண்டா
என்று எழுதிக் கேட்டேன்.
இருக்கை என்றால் இருக்கைதான்
என்று பதில் வந்தது.

ஆண்டு முடிவில் நாற்பத்தேழு டன்.
ஒன்றும் விளங்காமல் எல்லோரும் தலையாட்டினார்கள்.
மாதீஸ்தான் வகுத்துப் பார்த்தான்:
நூறு கச்சேரிப் பியானோ.
நூறு பியானோவைத் தூக்கிப்போய்
வானத்தில் மாட்டிவிட்டு வந்திருக்கிறோம்,
இறக்க ஆளில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் காற்றில் போட்டோம்,
கிராம் சுத்தமாக அளந்துதான் போட்டோம்.

முன்பெல்லாம் சான்றிதழ் வாங்குவேன்.
ஒரு டன், ஒரு காப்பியும் கேக்கும் விலை.
எங்கோ ஒரு மலைச்சரிவில்
எங்கள் பேரில் மரக்கன்றுகள்.
இரண்டாம் ஆண்டும் படம் அனுப்பினார்கள்.
அதே சரிவு,
அதே மேகம், அதே மூலையில்.
ஏட்டுச் சுரைக்காயை
இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

அதனால் இந்த அக்டோபரில் சதுப்புக்குப் போனோம்.
சோவியத் காலத்தில் வாய்க்கால் வெட்டி
நீரை வடித்துவிட்ட சதுப்பு.
காய்ந்த கரிமண் அன்றிலிருந்து
சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருக்கிறதாம்.
வாய்க்காலை அடைத்தால் நீர் ஏறும்.
நீர் ஏறினால் பாசி வரும்.
ரப்பர் பூட்ஸில் பதினோரு பேர், நானும்.
வயலின் விரல்களுக்கு மூன்று அடுக்குக் கையுறை.
பலகைகளைச் செருகி, மண்ணை மிதித்து,
மாலைக்குள் நான்கு அடைப்பு.
ஐந்தாவது சரிந்து
மாதீஸ் இடுப்பளவு உள்ளே போனான்.
அவனை இழுத்தபோது சதுப்பு எழுப்பிய ஒலியை
அவன் கொம்பு ஒருநாளும் எழுப்பியதில்லை.

வனத்துறைப் பெண் ரீத் கஸெமெட்ஸ்,
ஓயாமல் போன் வருகிறவள், சொன்னாள்:
பாசி வந்து மட்கி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும்.
எங்கள் நாற்பத்தேழு டன் எப்போது அடையும் என்றேன்.
ஒரு குருதிநெல்லியைக் கடித்து முகம் சுளித்தாள்.
"அதை நான் சொல்ல மாட்டேன்.
நீர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்,
ஏறியிருக்கிறது என்று சொல்வேன்."

திரும்பும் வேனில்
(அதன் டீசலையும் நான் எழுதிவைத்தேன்)
ஹெல்யே கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:
அடுத்த முறை ஒசாகாவில் இரவல் செல்லோ வாசிக்கிறேன்.
யாரும் பேசவில்லை.
ஹீட்டர் மட்டும் இரைந்தது.

வாசித்தாள். பதிவைக் கேட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில்
மற்றவர்கள் அவளுக்காக
ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தார்கள்.
பத்திரிகைகள் கவனிக்கவில்லை.
கணக்கில் நான்கு டன் குறைந்தது,
எட்டு பியானோ கீழே வந்தன.
அந்த ஒரு நொடியை எங்கே எழுதுவது?

ஊரில் யாரும் இல்லாத வாரங்களில்
செல்லோ என் அறையில் இருக்கிறது,
எதிர் நாற்காலியில், வார் இல்லாமல்.
மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது
ஏனோ ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்கிறேன்.
பன்னிரண்டாம் வரிசையில் பூச்சியம் போடுகிறேன்.
மாவு மூட்டை ஏற்றிய லாரி
கீழே வந்து நிற்கும்போது மட்டும்
அதன் தடித்த தந்தி
உறைக்குள் லேசாக முனகுகிறது.